பின்கழுத்து

படிவத்தில் நான்கு கேள்விகள்:
உயரம், ஒவ்வாமை, பாதத்தின் அளவு,
வெள்ளை முகத்துக்கு மட்டுமா, கைகளுக்குமா.
கைகளுக்கும் என்று வட்டமிட்டேன்.
கொடுத்த காசு வீணாகக் கூடாதே.

கியோத்தோவில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடி.
சோயா வாசம் படியேறி வந்து
எங்களோடு செருப்பைக் கழற்றுகிறது.
பக்கத்து நாற்காலியில் மினேகோ,
தோயாமாவில் தபால் நிலையம்,
வயது ஐம்பத்தொன்று.
பல்வலி என்று சொல்லி விடுப்பு எடுத்தாளாம்,
கைபேசி மொழிபெயர்த்தது.
சிரித்தபோது எண்ணிப் பார்த்தேன்,
எல்லாப் பல்லும் ஒழுங்காகத்தான் இருந்தன.

பூசுகிறவள் சயூமி, மணிக்கட்டில் வலிப் பட்டை.
மெழுகை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
நெற்றி, தாடை, காது மடல் என்று அழுத்துகிறாள்.
சப்பாத்தி மாவின் மனநிலை பிடிபட்டது.

அப்புறம் அகலத் தூரிகை.
ஈரம், குளிர், வெள்ளை.
மணமகன் தேவை விளம்பரத்தில்
'மாநிறம்' என்று அச்சான முகம்
(அதுவே இரண்டு படி ஏற்றிச் சொன்னது)
ஒரே வீச்சில் போயிற்று.
அத்தை மாதாமாதம் வாங்கித் தந்த களிம்பு
ஐந்து வருடத்தில் முடிக்காததை
இவள் ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.
குதூகலம் வருமென்று காத்திருந்தேன்.
கண்ணாடியில் சுண்ணாம்படித்த சுவர் ஒன்று
என் கண்களை வாடகைக்கு எடுத்திருந்தது.

பின்கழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.
அவள் மூச்சு மட்டும் மயிர்க்காலில் படுகிறது.
கைபேசியிடம் ஏதோ முணுமுணுக்க, அது
ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் சொன்னது:
"உங்கள் கழுத்து பயங்கரமாக இருக்கிறது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
ஐயோ அதில்லை என்று இரு கையும் ஆட்டி
துண்டு துண்டாகச் சொன்னாள்:
இரண்டு நாக்கு அளவு
தோலைப் பூசாமல் விடவேண்டும், அதுதான் முறை.
மற்றவர்களுக்கு அந்த ஓரம்
வரைந்த எனக்கு மட்டுமே தெரியும்.
உங்களுக்குத் தெருமுனை வரை தெரியும்.
கை நடுங்கினால் மாட்டிக்கொள்வேன்.

இரண்டு முறை துடைத்தாள்.
மூன்றாவதில் மூச்சை அடக்கி இழுத்தாள்.
மினேகோ எழுந்து பின்னால் கண்ணாடி பிடிக்க
அத்தனை வெள்ளைக்கு நடுவே
கூராக, ஈரமாக, இரண்டு முனை.
என்னைப் பின்னாலிருந்து
நான் பார்த்ததே இல்லை.

மீதியெல்லாம் பாரம்.
விலாவை இறுக்கும் இடைப்பட்டை,
தண்ணீர்க் குடம்போல் பொய்முடி,
இருபத்துநான்கில் நின்றுபோகும் மரக்கட்டைச் செருப்பில்
என் இருபத்தாறின் குதிகால் வெளியே தொங்குகிறது.
முதல் வருடக்காரிக்குக் கீழுதடு மட்டும்தான் சிவப்பாம்.
ஐம்பத்தொன்றில் முதல் வருடம்!
மினேகோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை,
வெள்ளை விரிசல் விட்டு
மறுபடி பூசவேண்டியதாயிற்று.
காகிதக் குடையைக் கொடுத்தால்
பார்சலைப்போல் எடைபார்த்துப் பிடித்தாள்.
புகைப்படக்காரர் குவாபாரா
பற்களைக் காட்டாதீர்கள் என்று
இருவரையும் ஒரே பெயரில் கூப்பிட்டார்.

நகோயா ரயிலில் உறையைப் பிரித்தேன்.
நான்கு படம்.
முதலாவதைக் கைபேசியில் பிடித்து அத்தைக்கு அனுப்ப
உடனே பதில்:
"இப்பத்தான்டி மூக்கும் முழியும் எடுப்பா இருக்கு."

நான்காவது, முதுகு காட்டி அமர்ந்த படம்.
வெள்ளைக் கழுத்து. எங்கும் வெள்ளை.
முனைகளைக் காணோம்.
உறையின் மூலையில் பென்சிலில் இருந்தது
என் பெயராக இருக்க முடியாத எழுத்து.

அத்தையிடம் சொல்லவில்லை.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து
இப்படியும் அப்படியும் திருப்பி
இரண்டு நிலையம் கடந்தபின் கண்டுபிடித்தேன்
சயூமிக்கு மட்டும் தெரிகிற அந்த ஓரத்தை.
முட்டைக்குள் இருக்கும் தோல்போல
மெல்லிய ஒன்று. ஆனால் இருந்தது.

தோயாமாவில் நாளைக் காலை
முத்திரை குத்தும் மேசைமேல்
தெருமுனை வரை தெரிகிற என் கழுத்தை வைத்துக்கொண்டு
பல்வலியைப் பற்றி
மினேகோ என்ன சொல்லிச் சமாளிப்பாளோ.